கேழ்வரகுத் தாளிலிருந்து பாலின் இனிப்பு வரை: கால்நடை மருத்துவம் படிக்கத் தொடங்குவோருக்கு வளர்சிதைமாற்றம்

கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உயிர்வேதியியல் பாடம் வந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அந்தப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் மாடு கறந்தும் ஆடு மேய்த்தும் வளர்ந்தவர்கள். ஈன்ற மாட்டுக்கு எதைக் கொடுக்க வேண்டும், எந்தக் கொல்லைப் பக்கம் ஆட்டை விடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்படிப்பட்டவர்களே விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளும் மனத்தில் நிற்கவில்லை என்று கலங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பத்துப் படிகளை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குவதுதான் அங்கே நேரும் பிழை என்று நினைக்கிறேன். தங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பசுவிலிருந்து தொடங்கினால் அதே பாடம் வேறு மாதிரி விளங்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வளர்சிதைமாற்றம் என்ற சொல்லிலேயே பாடத்தின் இரண்டு பாதிகளும் இருக்கின்றன. சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் புரதமாகவும் கொழுப்பாகவும் பாலாகவும் கட்டுவது வளர்மாற்றம். அதற்கு ஆற்றல் செலவாகும். தீவனத்தையும் உடற்கொழுப்பையும் உடைத்து அந்த ஆற்றலைப் பெறுவது சிதைமாற்றம். உடைப்பதில் கிடைக்கும் ஆற்றல், ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் சிறிது நேரம் தங்கி, கட்டும் இடத்தில் செலவாகிறது. இவ்வளவு மட்டும் மனத்தில் இருந்தால் போதும், பசுவிடம் போகலாம்.

ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள, நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். பாலுக்கு லேசான இனிப்பைத் தருவது லாக்டோஸ். அது பாலில் ஏறத்தாழ 4.8 விழுக்காடு இருக்கும். அப்படியானால் அந்தப் பசு ஒரு நாளில் அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவான சர்க்கரையைப் பாலோடு வெளியே அனுப்புகிறது. லாக்டோஸ் என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு கேலக்டோஸும் சேர்ந்தது. அந்தக் கேலக்டோஸையும் மடி குளுக்கோஸிலிருந்தே செய்துகொள்கிறது. பால் சுரக்க மடிக்கு ஆகும் பிற செலவுகளையும் சேர்த்தால் ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். 10 லிட்டருக்கு 720 கிராம், அதாவது மணிக்கு 30 கிராம்.

இனி இருப்பைப் பார்ப்போம். அந்தப் பசுவின் உடலில் சுமார் 24 லிட்டர் ரத்தம் இருக்கும். நலமாக இருக்கும் பசுவின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி லிட்டருக்கு, 50 மில்லிகிராம் அளவில்தான் குளுக்கோஸ் இருக்கிறது. நம் உடலிலோ வெறும் வயிற்றில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். 24 லிட்டரிலும் சேர்த்துப் பார்த்தால் 12 கிராம். அரை மணி நேரத்துக்குக் கூடப் போதாத இருப்பை வைத்துக்கொண்டு, மணிக்கு 30 கிராம் செலவு செய்கிறது அந்தப் பசு. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு, பசுவின் கல்லீரல் ஏன் இரவும் பகலும் ஓயாமல் குளுக்கோஸ் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் குளுக்கோஸ் தீவனத்திலிருந்து நேராக வந்துவிடுகிறதா என்றால், ஏறக்குறைய இல்லை. கேழ்வரகுத் தாளிலும் சோளத்தட்டிலும் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். சோற்றில் இருக்கும் மாவுச்சத்தைப் போலவே செல்லுலோஸும் குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்ததுதான். மாவுச்சத்தில் கண்ணிகள் ஆல்பா பிணைப்பாலும், செல்லுலோஸில் பீட்டா பிணைப்பாலும் இணைந்திருக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டால்தான் கேழ்வரகின் மணி நமக்குக் களியாகிறது, அதன் தாள் நமக்கு உணவாவதில்லை. பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி பசுவின் உடலிலும் சுரப்பதில்லை. ஆனால் அதன் முதல் வயிறான ரூமனில், நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் அந்தப் பெரிய பையில், பாக்டீரியாக்களும் ஓரணு உயிர்களும் பூஞ்சைகளும் குடியிருக்கின்றன. அவற்றிடம் அந்த நொதி இருக்கிறது.

நுண்ணுயிர்கள் செல்லுலோஸை வெட்டிக் குளுக்கோஸாக்கியதும் அதைப் பசுவுக்கு விட்டுவைப்பதில்லை, தாங்களே எடுத்துக்கொள்கின்றன. ரூமனில் ஆக்சிஜன் இல்லாததால் அவற்றால் குளுக்கோஸை முழுவதும் எரிக்க முடியாது. பாதி வழியில் நிறுத்தி, மிச்சத்தைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. அந்தக் கழிவுகள்தான் எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள்: இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட், மூன்று கார்பன் கொண்ட புரோப்பியோனேட், நான்கு கார்பன் கொண்ட பியூட்டிரேட். தாளும் தட்டும் தின்னும் மாட்டில் இவை ஏறத்தாழ 70, 20, 10 என்ற விகிதத்தில் உண்டாகும். புண்ணாக்கும் மாவும் தவிடும் சேர்ந்த அடர்தீவனம் கூடினால் புரோப்பியோனேட்டின் பங்கு உயரும். ரூமனின் சுவர் இவற்றை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. பசுவுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வழியில் வருகிறது. பசு தாளைத் தின்கிறது என்பது நாம் கண்ணால் காண்பது. உயிர்வேதியியலின் கண்ணில் அது நுண்ணுயிர்கள் கழித்த அமிலத்தைத் தின்று வாழ்கிறது. மனிதனை மையமாக வைத்து எழுதப்பட்ட பாடநூலைப் படிக்கும் மாணவர், முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

மூன்று அமிலங்களில் எதிலிருந்து குளுக்கோஸ் செய்யலாம் என்பது அடுத்த கேள்வி. இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் நோய் முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

அசிட்டேட் உடலுக்குள் வந்ததும் அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. அசிட்டைல் கோ-ஏ, நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோஅசிட்டேட்டோடு சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட்டாகி, ஒரு வட்டப் பாதையில் நுழைகிறது. 1937-ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரெப்ஸ், பறப்பதற்கு ஓயாமல் உழைக்கும் புறாவின் மார்புத் தசையை அரைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து இந்த வட்டத்தைக் கண்டு சொன்னார். 1953-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி, மீண்டும் அதே நான்கு கார்பன் ஆக்சலோஅசிட்டேட் மிஞ்சுகிறது. உள்ளே வந்தது இரண்டு, வெளியே போனதும் இரண்டு. ஆகவே அசிட்டேட் எவ்வளவு வந்தாலும் குளுக்கோஸ் கட்டுவதற்குக் கூடுதலாக ஒரு கார்பன் கூட மிஞ்சாது. எரிப்பதற்கும், உடற்கொழுப்பும் பால்கொழுப்பும் கட்டுவதற்கும் அது உதவும், குளுக்கோஸுக்கு உதவாது. பியூட்டிரேட்டின் நிலையும் அதுவே.

புரோப்பியோனேட் வேறு வாசல் வழியாக நுழைகிறது. கல்லீரலில் அதனுடன் ஒரு கார்பன் சேர்க்கப்பட்டு நான்கு கார்பன் ஆக்கப்பட்டு, சக்சினைல் கோ-ஏ என்ற பெயரில் வட்டத்தின் நடுவில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஆக்சலோஅசிட்டேட்டாகி, வட்டத்தை விட்டு வெளியேறி, கிளைக்காலிசிஸ் பாதையில் ஏறக்குறைய பின்னோக்கி ஏறிக் குளுக்கோஸாகிறது. இரண்டு புரோப்பியோனேட்டுக்கு ஒரு குளுக்கோஸ். இந்த வழியில் பயோட்டினும், கோபால்ட் அடங்கிய வைட்டமின் பி12-உம் தேவைப்படும் படிகள் உள்ளன. கோபால்ட் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடும் ஆடும் ஏன் மெலிகின்றன என்பதற்கு விடையின் ஒரு பகுதி இங்கே கிடைத்துவிடுகிறது.

"ஏறக்குறைய பின்னோக்கி" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளில் ஏழு, இரு திசையிலும் செல்லக்கூடியவை. மூன்று மட்டும் ஒருவழிப் பாதைகள். அந்த மூன்றையும் கல்லீரல் வேறு நொதிகளைக் கொண்டு சுற்றிக் கடக்கிறது. தேர்வுக்கு முன் படிக்க நேரம் குறைவாக இருந்தால், அந்த மூன்று படிகளையும் அவற்றைச் சுற்றிப் போகும் நொதிகளையும் முதலில் படியுங்கள். உடல் தன் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் அங்கேதான் வைத்திருக்கிறது.

இனி அந்த முடிச்சு அவிழாமல் இறுகும்போது என்ன ஆகிறது என்பதைக் கொட்டகையிலேயே பார்க்கலாம். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு வீடு. கன்று ஈன்று மூன்று வாரமான பசு. ஈன்ற வாரத்தில் 14 லிட்டர் வரை கறந்தது, இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. "கலப்புத் தீவனத்தை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது சார், ராகித் தாளை மட்டும் கடிக்குது" என்றார் அந்த வீட்டு அம்மா. காய்ச்சல் இல்லை. முதுகெலும்பின் இருபுறமும் சதை வற்றியிருந்தது. மூச்சில் பழுத்த பழத்தின் வாடையைப் போன்ற ஒரு மணம். சோதனைக் குழாயில் ரோத்தரா பொடியைச் சிறிதளவு இட்டு, மேலே சில துளி பாலை விட்டதும், வெள்ளைப் பொடி பெர்மாங்கனேட் கரைசலைப் போல ஊதாவாக மாறியது. அந்த அம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஈன்ற சில வாரங்களில் பால் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. தீவனம் எடுக்கும் அளவு அதே வேகத்தில் ஏறுவதில்லை. குளுக்கோஸை உள்ளே இழுக்க மடிக்கு இன்சுலின் தேவையில்லை என்பதால், உடல் பட்டினி கிடந்தாலும் மடி தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் தன்னிடமுள்ள ஆக்சலோஅசிட்டேட்டையெல்லாம் குளுக்கோஸ் செய்ய அனுப்புகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடற்கொழுப்பு உருகிக் கல்லீரலுக்கு வந்து, அசிட்டைல் கோ-ஏவாகக் குவிகிறது. ஆனால் அதைக் கைப்பிடித்து வட்டத்துக்குள் அழைத்துப் போக வேண்டிய ஆக்சலோஅசிட்டேட் அங்கே இல்லை. குவிந்த அசிட்டைல் கோ-ஏ இரண்டிரண்டாகச் சேர்ந்து கீட்டோன்களாகிறது: அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், அசிட்டோன். மூச்சில் மணத்தது அசிட்டோன். பொடியை ஊதாவாக்கியது முக்கியமாக அசிட்டோஅசிட்டேட். இந்த நோய்க்குக் கீட்டோசிஸ் என்று பெயர். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடுகளில் இதைத் தேட வேண்டியதில்லை. அவை உழவுக்கும் வண்டிக்கும் உரிய இனம், தன் கன்றுக்கு வேண்டியதற்கு மேல் அதிகம் சுரக்காதவை. அதிகம் கறக்கும் பசுவுக்கு வரும் நோய் இது.

சிகிச்சையையும் அதே கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸின் இன்னொரு பெயர். 50 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி லிட்டரைச் சிரையில் ஏற்றினால் உள்ளே போவது 250 கிராம் குளுக்கோஸ். சிறுநீரில் வீணாவதைக் கழிக்காமலே பார்த்தாலும், மணிக்கு 30 கிராம் என்ற செலவுக்கு அது எட்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ஊசி போட்ட அன்று மாலையில் தீவனம் தின்ற மாடு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் முகம் திருப்புவது இதனால்தான். ஆகவே டெக்ஸ்ட்ரோஸோடு நின்றுவிடாமல், கல்லீரலில் குளுக்கோஸாக மாறக்கூடிய புரோப்பிலீன் கிளைக்காலை மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள்கள் வாய்வழியே தொடர்கிறார்கள்.

வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, பல கல்லூரித் தேர்வுகளில் கேட்கப்படும் கேள்விகளைவிட நல்ல கேள்வி. வெல்லம் ரூமனுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டு அமிலமாக்கிவிடும். சர்க்கரையாகவே ரத்தத்துக்கு வந்து சேராது. அளவு மீறினால் தீங்கும் செய்யும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் ஒரு அண்டா பொங்கலை மாட்டுக்கு வைத்துவிட்டு, மறுநாள் மாடு படுத்துக்கொண்டது என்று ஓடிவருவோரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கல்யாண வீட்டில் மீந்த சோறும் இதே வேலையைச் செய்யும். வெந்த அரிசியின் மாவுச்சத்து வெகுவேகமாக நொதித்து, லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, 6-க்கும் 7-க்கும் இடையே இருக்க வேண்டிய ரூமனின் பி.எச். அளவு 5-க்கும் கீழே இறங்குகிறது. செல்லுலோஸை உடைக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் ரூமனுக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. சோடியம் பைகார்பனேட் கொடுப்பது அந்த அமிலத்தை முறிக்கத்தான், ஆனால் முற்றிய நிலையில் அது மட்டும் போதாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இதுவரை குளுக்கோஸ் வந்த வழியைப் பார்த்தோம். அது எரியும் இடத்தைப் பற்றியும் நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் மரவள்ளி பயிராகிறது. நம்மூரில் அதைக் குச்சிக்கிழங்கு என்கிறோம். கிழங்கு பிடுங்கிய கொல்லையில் இலையையும் தோலையும் பசியோடு தின்ற ஆடு, சிறிது நேரத்துக்குள் மூச்சு வாங்கித் தடுமாறி விழுவதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பார்கள். இலையிலும் தோலிலும் லினமாரின் என்ற சேர்மம் இருக்கிறது. மென்று நசுக்கப்படும்போதும் ரூமனின் நுண்ணுயிர்களிடம் சிக்கும்போதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிரிகிறது. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் இதே ஆபத்து உண்டு.

குளுக்கோஸும் கொழுப்பும் கிரெப்ஸ் வட்டத்தில் சிதையும்போது கிடைக்கும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்காகத்தான். அதைச் செய்யும் நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில் உள்ள இரும்பை சயனைடு பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளச் செல்லில் ஆளில்லை, ஏ.டி.பி. உற்பத்தி நின்றுவிடுகிறது. பயன்படுத்தப்படாத ஆக்சிஜனோடே ரத்தம் திரும்புவதால், கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிரை ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். ஆட்டின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கும்போது தெரியும் அந்தச் சிவப்பு, சுவாசச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அடைபட்டிருக்கிறது என்பதன் அடையாளம். மருந்தும் இதே தர்க்கத்தில் அமைந்தது: சோடியம் நைட்ரைட் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை மாற்றி, சயனைடு நொதியை விட்டு அதனிடம் ஓடும்படி செய்கிறது, சோடியம் தயோசல்பேட் கொடுக்கும் கந்தகத்தால் சயனைடு தயோசயனேட்டாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பறித்த இலையையும் தோலையும் நன்கு உலர்த்தினால் சயனைடின் பெரும்பகுதி போய்விடும் என்பது, மருந்தைவிடப் பயனுள்ள செய்தி.

பசுவின் கணக்கைப் பிற உயிர்களுக்கு அப்படியே எழுதிவிடவும் கூடாது. பிறந்த கன்று பால் குடிக்கும்போது, உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொண்டு பாலை ரூமனுக்குள் விடாமல் நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்புகிறது. அந்த வயதில் கன்று, ஒற்றை வயிற்று விலங்கைப் போலப் பாலின் சர்க்கரையை நேரடியாக உறிஞ்சுகிறது, அதன் ரத்தக் குளுக்கோஸும் தாயினுடையதைவிட அதிகம். கோழி, புரதக் கழிவை யூரியாவாக வெளியேற்றாமல் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது; எச்சத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பகுதி அதுதான். பாராசிட்டமாலைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. நாம் காய்ச்சலுக்குப் போடும் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். இனத்துக்கு இனம் நொதி மாறுகிறது என்பதால்தான் கால்நடை மருத்துவருக்கென்று தனியாக ஓர் உயிர்வேதியியல் பாடம் இருக்கிறது.

படிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் பசுவின் கல்லீரலை வரையுங்கள். இடப்பக்கம் ரூமன், வலப்பக்கம் மடி, கீழே கொழுப்புத் திசு. எது எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி இடுங்கள். நொதியின் பெயர் நினைவுக்கு வராத இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். மறுநாள் அதே படத்தைச் சினையாட்டுக்கு வரையுங்கள்: வயிற்றில் இரட்டைக் குட்டி, கடைசி ஆறு வாரம், கோடை, மேய்ச்சல் இல்லை. மடி இருந்த இடத்தில் கருப்பையை வைத்தால், ஆடுகளுக்கு வரும் சினைக்கால நச்சுநோய் தானாகவே தாளில் வந்து நிற்கும். கோடுகள் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகு நொதிகளின் பெயர்களை எழுதுவது கடினமாக இருக்காது.

ரத்த மாதிரி எடுப்பதிலும் இந்தப் பாடம் கூடவே வருகிறது. குளுக்கோஸ் அளக்கப் பசுவின் கழுத்துச் சிரையில் ரத்தம் எடுத்து, சாதாரணக் குழாயில் வைத்து, அரூரிலிருந்து தருமபுரிக்கு உச்சி வெயிலில் பேருந்தில் கொண்டுபோனால், குழாய்க்குள் உயிரோடு இருக்கும் ரத்த அணுக்கள் வழியெல்லாம் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே வரும். ஆய்வகத்தில் கிடைக்கும் எண், பசுவின் உடலில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் புளோரைடு இடப்பட்டிருக்கிறது. கிளைக்காலிசிஸின் ஒன்பதாம் படியில் வேலை செய்யும் ஈனோலேஸ் நொதியைப் புளோரைடு முடக்குகிறது. நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் மிகுந்து, பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்குக் காரணமாயிருந்த அதே புளோரைடுதான் இது. குழாயில் ரத்தம் விட்டதும், அது ரத்தத்தில் நன்கு கலக்கும்படி குழாயைக் குலுக்காமல் மெல்ல எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஒன்பதாம் படி அடைபட்டாலும் முதல் படி சிறிது நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது நல்லது. எடுத்த நேரத்தையும், பசு கடைசியாகத் தீவனம் தின்ற நேரத்தையும் குழாயின் மேல் எழுதிவிடுங்கள்.